கதவுப் பக்கக் கை, கியர் பக்கக் கை

1

இந்தக் கதை ஒரு கோபத்திலிருந்து வந்தது. என் கோபம் அல்ல. வெளிமாநில ஊரான கட்கியில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த பிலிஸ் என்பவருடையது. அதைக் கேட்டு வாங்கிவந்து மேஜையில் வைத்துக்கொண்டு, அழகான தொடக்கம் ஒன்று தேடினேன்.

முதலில் எழுதியது: "ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிலிஸின் விரல்கள் மெல்ல நடுங்கின. கண்ணெதிரே சாலை கலங்கி—"

அடுத்தது: "சர்க்கரை நோய் என்பது வெறும் நோயல்ல, அது ஒரு—"

(இரண்டாவதைக் கைவிட்டதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.)

முதலாவதை அவருக்குப் படித்துக் காட்டினேன். பிலிஸுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் எப்போ மயங்கினேன்?" என்றார். மயங்கவில்லைதான், கதைக்காக என்று இழுத்தேன்.

"சுகர் இருக்கிறவள்னா கதையில மயங்கித்தான் ஆகணுமா? எனக்கு வந்த தொல்லை பசை. அதை எழுதுங்க."

ஆகவே பசையைப் பற்றி எழுதுகிறேன்.*

* நேரில் அவர், கதைக்குள் அவள். அது ஏன் என்றும் கேட்டார்.

2

கல்லூரியில் படிக்கும்போதே பிலிஸுக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. இன்சுலின் இல்லாமல் நடக்காத வகை. அதோடு வருடக்கணக்காகக் குடும்பம் நடத்தியதில், சுகர் இறங்கும்போது உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை, அந்த வியர்வையும் படபடப்பும், அவளுக்கு நின்றுபோயிற்று. உடம்பு செய்யாத வேலையைச் செய்ய மேற்கையின் பின்புறம் ஒரு சென்சார் ஒட்டிக்கொண்டாள். பெரிய நாணயம் அளவு இருக்கும். அதன் அடியில் முடி போன்ற இழை ஒன்று தோலுக்குள் போகும். சுகர் எவ்வளவு என்று ஃபோனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இறங்கினால் ஃபோன் கத்தும், சென்சார் கழன்றாலும் கத்தும். இரண்டு வாரம் கையில் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெட்டியின் மேல் ஒரு பெண் சிரித்தபடி ஓடுகிறாள். அவளுக்கு வியர்க்கவே இல்லை.

பிலிஸுக்கு வியர்க்கும். அவள் வேலை பார்க்கும் ரங்கராஜனின் டிரைவிங் ஸ்கூல் காரில் ஏசி வேலை செய்வதில்லை. ஓட்டப் பழகுகிறவர் வலது பக்கம், பிலிஸ் இடது பக்கம், அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக். சென்சாரை இடது கையில் ஒட்டினால் சீட் பெல்ட் உரசும், கதவு இடிக்கும். வலது கையில் ஒட்டினால் கியர் போடுகிறவரின் முழங்கை இடிக்கும். மூன்றாவது கை கிடையாது. வயிற்றில் ஒட்டலாமா என்று கேட்டாள். இந்த வகை மேற்கைக்கு மட்டும்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பசை கைவிட்ட அன்று நான் என் முறைக்காகப் பின்சீட்டில் காத்திருந்தேன். ஓட்டியது ஸ்ரீவித்யா. சென்னையிலிருந்து வேலைக்கு வந்த பெண், ஒவ்வொரு தவறுக்கும் சாரி சொல்வாள். கட்கி பஜாருக்குப் பக்கத்தில் ரிக்‌ஷா ஒன்று சிக்னல் கொடுக்காமல் திரும்பியது. பிலிஸ் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்தாள். பதற்றத்தில் ஸ்ரீவித்யா கியரை இழுக்க, அவள் முழங்கை பிலிஸின் கையில் பட்டது. வண்டி நின்றது, யாருக்கும் ஒன்றுமில்லை. சென்சார் மட்டும் வியர்வையில் ஊறிய பசையோடு பாதி பிய்ந்து தொங்கியது. ஃபோன் கத்தியது. பிலிஸ் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, விரலில் குத்தி ரத்தம் பார்த்தாள். சுகர் சரியாக இருந்தது.

(ஒரு விபத்து வைக்கலாமே என்று இந்த இடத்தில் எனக்கு ஆசை வந்தது. வைக்கவில்லை.)

3

ஸ்கூலுக்குத் திரும்பியதும் ரங்கராஜன் அவள் கையைப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல; கோயம்புத்தூர்க்காரர், பயந்த சுபாவம். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றனுங்க. கொஞ்ச நாள் ஆபீஸ்ல உக்காருங்க" என்றார். மறுநாளிலிருந்து பிலிஸ் சுவரில் மாட்டிய சாலைக் குறியீடுகளைக் குச்சியால் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய இருக்கையில், பழகுகிறவர்களைத் திட்டிக்கொண்டே கற்றுத்தரும் ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

பசை தோற்றது, இருக்கை போனது அவளுக்கு. சென்சார் விற்ற கம்பெனியைக் கூப்பிட்டாள். லோஷன் தடவினீர்களா, எண்ணெய் தேய்த்தீர்களா, ஒட்டும்போது கை ஈரமாக இருந்ததா என்று ஒரு குரல் வரிசையாகக் கேட்டது. எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். அப்படியானால் கையை அதிகம் அசைக்காமல் இருக்கும்படி அந்தக் குரல் அறிவுரை சொன்னது. ஃபோனை வைத்துவிட்டு அவள் இந்தியில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

4

அவள் கணவர் ஐசக் ஆகுர்டியில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். அன்பான மனுஷர். அங்கே அட்டைப் பெட்டி ஒட்டும் டேப்பைக் கொண்டுவந்து, அடுத்த சென்சார் மேல் சுற்றி இறுக்கினார். அது அசையவே இல்லை. கழற்றும்போது தோலும் சேர்ந்து வந்தது. இரண்டு நாள் அந்த இடம் கொப்புளமாகக் கிடந்தது. "நான் என்ன பார்சலா?" என்று கேட்டதோடு சரி, அவரோடு பேச்சு இல்லை.

அதற்குப் பிறகு, இதே சென்சாரோடு ஓடுகிறவர்கள், நீந்துகிறவர்கள் போட்ட வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வாசனை சோப்பும் கிரீமும் ஆகாது. தோலில் ஒரு வழுவழுப்பை விட்டுவிட்டுப் போகும். சாதாரண சோப்பால் கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பசை பிடிக்க உதவும் திரவம் ஒன்று உண்டு. அது ஈரமாக இருக்கும்போது அவசரப்பட்டு ஒட்டினால் எல்லாம் வீண். சென்சார் மேல் போடும் பட்டை முனை மழுங்கியதாக இருக்க வேண்டும், கூர்மையான முனைதான் முதலில் தூக்கும். பட்டையை இழுத்து ஒட்டக்கூடாது. ஒட்டியபின் உள்ளங்கையால் பொத்திச் சூடு கொடுக்க வேண்டும். ஓரம் தூக்கினால் பிய்க்காமல் கத்தரிக்க வேண்டும்.

(இவ்வளவு விவரம் கதைக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கம்பெனிக்காரர்கள் ஃபோனில் சொல்லாததை யாராவது எங்காவது எழுதத்தான் வேண்டும்.)

கையின் வெளிப்பக்கத்தை விட்டு, கதவும் முழங்கையும் எளிதில் எட்டாதபடி நன்றாகப் பின்னால் தள்ளி ஒட்டப் பார்த்தாள். தனக்குத்தானே எட்டவில்லை. ஐசக்கைக் கூப்பிட வேண்டியிருந்தது. பேச்சும் திரும்ப வந்தது.

5

மறுநாள் ரங்கராஜனிடம் போய் நின்று, வண்டி சாவியைக் கேட்டாள். அவர் அவள் கையைப் பார்த்துவிட்டு, மறுபடி பிய்ந்தால் என்ன செய்வது என்று கேட்டார்.

"பிய்ஞ்சா ஃபோன் கத்தும் சார். ஓரங்கட்டுவேன், விரல்ல குத்திப் பாப்பேன், வேற ஒட்டுவேன். பைல எப்பவும் ஒண்ணு இருக்கு. டயர் பஞ்சரானா டயரை மாத்துறோமா, டிரைவரை மாத்துறோமா?"

ரங்கராஜன் மேஜை டிராயரைத் திறந்தார். சாவியை எடுத்துக்கொடுத்தார். ஆனால் அன்றைக்குத் தானும் பின்சீட்டில் வருவேன் என்றார்.

6

கதையின் கடைசிப் பயணம்: கடக்வாஸ்லா அணைக்குப் போகும் சாலை, கொளுத்தும் வெயில், ஸ்டியரிங்கில் ஸ்ரீவித்யா, பின்னால் ரங்கராஜனும் நானும். அந்த முழங்கை மறுபடியும் பிலிஸின் கையில் பட்டது. முடிவை மூன்று விதமாக எழுதிப்பார்த்தேன்.

அ. பட்டை அசையவில்லை. ரங்கராஜன் மன்னிப்புக் கேட்கிறார். ("அவராவது, கேக்கிறதாவது" என்றார் பிலிஸ்.)

ஆ. பட்டை பிய்கிறது. பிலிஸ் சொன்னபடியே ஓரங்கட்டி, வேறு ஒட்டிக்கொண்டு, பாடத்தைத் தொடர்கிறாள்.

இ. பட்டை பாதி தூக்கி, அவள் கண் லேசாக இருட்டி— (இல்லை.)

இவற்றில் நடந்தது ஒன்று. எது என்று எழுதக் கூடாதென்று பிலிஸ் சொல்லிவிட்டார். "நின்னுச்சுன்னு எழுதினா, ஒட்டி நின்னதால ஓட்டலாம்பாங்க. விழுந்துச்சுன்னு எழுதினா, அப்பவே சொன்னோம் பாத்தியாம்பாங்க. ரெண்டும் வேணாம்." அவர் இப்போதும் அதே இருக்கையில்தான் இருக்கிறார். அதை மட்டும் எழுதலாம் என்றார். எழுதிவிட்டேன்.

ஆனாலும் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று தோன்றினால், கொஞ்சம் நகர்ந்துகொள்கிறோம், வந்து பின்சீட்டில் உட்காருங்கள். அணைக்கு முன்னால் ஒரு ஏற்றம் வரும். அதில் வண்டியை நிறுத்தி எடுக்கும்போதெல்லாம் ஸ்ரீவித்யா பின்னால் உருளவிடுவாள். அன்று பிலிஸ் தணிந்த குரலில், கிளட்சை எங்கே நிறுத்த வேண்டும், எப்போது பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஸ்ரீவித்யா முதன்முறையாக, ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் மேலே ஏறினாள்.

ரங்கராஜனும் நானும் அதைப் பார்க்கவில்லை. பிலிஸின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.