வாசலோடு நின்ற படங்கள்

நாத்தனாருக்கு வாய் கொஞ்சம் நீளம். திரைச்சீலை கோணலாகத் தொங்கினால், கோணல் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவார். அப்படிப்பட்டவர் ஸ்வெட்டரைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை என்றால் தம்பி பெண்டாட்டிக்கு எப்படி இருக்கும்?

நாத்தனாருக்கு மலையுச்சி வானிலை நிலையத்தில் வேலை. பனிக்காலம் முடியும்வரை கீழே இறங்க முடியாது. தம்பிக்குப் பெண் பிறந்திருக்கிறாள், போய்த் தூக்க முடியவில்லையே என்ற குறைக்குத் தன் கையாலேயே ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் பின்னி, கடைசியாக இறங்கிய ஜீப்பில் கொடுத்தனுப்பினார். பிள்ளையைப் பெற்றவள் சும்மா இருப்பாளா? வலைத்தளம் கட்டுவதுதான் அவள் பிழைப்பு. அத்தை பார்ப்பதற்கென்றே ஒரு தளம் கட்டி, தினம் ஒரு படம் ஏற்றினாள். எல்லாப் படத்திலும் பிள்ளை மஞ்சள் ஸ்வெட்டரில்.

மலையில் இணையம் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் நொண்டும். நாத்தனாரின் போனோ அரதப்பழசு. அதன் தலையில் எந்த வேலையையும் கட்ட முடியாது. அதனால் வேகத்தைச் சர்வரிலேயே அளக்கும்படி நிரல் எழுதினாள். யாராவது தளத்துக்குள் நுழைந்தால், சர்வர் முதலில் அர்த்தமில்லாத எழுத்துகளை மூட்டையாகக் கட்டி அனுப்பும். அனுப்பி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கும். சட்டென்று போனால் அடுத்துப் பெரிய படம், இழுத்துக்கொண்டு போனால் சின்னப் படம். நாத்தனார் நுழையும்போதெல்லாம் சர்வர் ‘வேகம்’ என்றே குறித்தது. பெரிய படங்களே போயின.

நிலையத்து டெலிபோனில் பேசும்போது மட்டும், படம் பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்பதோடு நாத்தனார் பேச்சை முடித்துக்கொள்வார்.

அவளுக்குப் பொருமலாக இருந்தது. ஸ்வெட்டர் போட்டுவிட்டது கண்ணிலேயே படவில்லையா, இல்லை போட்டுவிட்ட லட்சணம் பிடிக்கவில்லையா? படம் போய்ச் சேர்ந்திருக்காதோ என்று கணவன் இழுத்ததற்கு, தன் சர்வர் பொய் சொல்லாது என்று அடித்துச் சொன்னாள். அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மத்தளமாக இருந்து பழகியவன், பிள்ளைக்குத் துணி மாற்றப் போய்விட்டான். ஒரு நாள் அவள் ஸ்வெட்டரைச் சுருட்டிப் பரணில் போட்டாள். அதற்குப் பிறகு படங்களில் வேறு சட்டை.

கணவன் லிப்ட் மெக்கானிக். ஒரு மத்தியானம், சிக்னல் நொண்டும் லிப்ட் குழிக்குள் இருந்தபடியே பிள்ளையைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறான். போனில் வட்டம் சுற்றியதே தவிரப் படம் வரவில்லை என்று வீட்டுக்கு வந்து குறைப்பட்டுக்கொண்டான். அவள் சர்வரைத் திறந்து பார்த்தாள். குழிக்குள் கிடந்தவனுக்கும் ‘வேகம்’ என்றே போட்டிருந்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. சர்வருக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் இன்னொரு கணினி உட்கார்ந்திருக்கிறது. அது மூட்டையை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு ஆற அமர அனுப்புகிறது. சாமானை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரர் கைக்கே போய்விட்டதாகக் கணக்கு முடித்ததைப் போலத்தான் இத்தனை நாளும் அவள் அளந்திருக்கிறாள். சோதித்ததெல்லாம் வீட்டிலிருந்துதான், அங்கே இணையம் பறக்கும், வித்தியாசம் எப்படித் தெரியும்? நாத்தனார் ஒரு படத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

அன்று சாயங்காலமே மாற்றினாள். மூட்டையின் கடைசியில் புள்ளியளவு படம் ஒன்றைக் கோத்தாள். மூட்டை முழுக்க வந்து சேர்ந்தால்தான் பார்ப்பவரின் போன் திரும்பி வந்து அந்தப் புள்ளியைக் கேட்கும். அது கேட்கும்வரை ஆன நேரத்தைத்தான் இனி சர்வர் எடுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் நாத்தனார் நுழைந்தார். சர்வர் முதல்முறையாக ‘மந்தம்’ என்றது. பழைய படங்களும் புதிய படங்களும் கட்டைவிரல் அளவில் ஒவ்வொன்றாக மலையேறின.

சற்று நேரத்தில் டெலிபோன் அடித்தது. எடுத்தால், அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“ஸ்வெட்டருக்குக் கை நீளமாயிடுச்சுல்ல? மடிச்சு விட்டிருக்கியே,” என்றார் நாத்தனார்.

“ஆமா அண்ணி. இதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒண்ணுமே வரலைதானே? ஏன் சொல்லலை?”



“கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு எனக்காக உக்காந்து செஞ்சிருக்கே. வரலைன்னு எந்த வாயால சொல்றது?”

திரைச்சீலைக்குக்கூட இரக்கம் காட்டாத மனுஷி. இவர்மேலா இத்தனை நாள் பொருமினோம் என்று அவளுக்கு வெட்கமாகவும், ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

“அது சரி, கடைசிப் படத்துல எல்லாம் ஸ்வெட்டரைக் காணோமே?”

அவள் பரணைப் பார்த்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கணவன் ஏற்கெனவே அங்கே போய்க்கொண்டிருந்தான்.

“துவைச்சுப் போட்டேன் அண்ணி. இன்னும் காயலை.”

“கீழ ஒரு வாரமா நல்ல வெயிலு, நல்ல காத்து. கணிச்சு எழுதினதே நான்தான்,” என்றார் நாத்தனார். பிறகு, மூக்கை உறிஞ்சியபடியே சிரித்தார். “சரி, காஞ்சதும் போட்டு விடு.”