வலது முழங்காலுக்கு மதிப்பெண்

...அவள் காலுக்குப் புருஷன் தாமோதரன் பதில் சொல்கிறார், மாடி ஏறுகிறாளா என்றால் ஏறுகிறாள், உட்கார்ந்து எழுகிறாளா என்றால் எழுகிறாள், தன் விசைத்தறிக்குப் புது மோட்டார் போட்டுவிட்டு ஓட்டம் எப்படி என்று சொல்கிற மாதிரி, இந்த பிசியோதெரபிஸ்ட் பெண் பத்மாவதியும் அதையெல்லாம் டேப்லெட்டில் தட்டித் தட்டி ஏற்றிக்கொள்கிறாள்... சிவசங்கரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதத்துக்கு முன்னால் திருப்பதியில் இதே ஆஸ்பத்திரியில்தான் கம்ப்யூட்டர் ஜோசியம் சொன்னது, வயது, எடை, சர்க்கரை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று கேட்டுவிட்டு, முட்டி மாற்றினால் இந்த அம்மாவுக்குத் திருப்தி ஏற்பட நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு வாய்ப்பு என்று, வலது முட்டியை மாற்றியும் ஆயிற்று. தாமோதரன் அதை ஊரில், நகரி முழுக்கச் சொல்லித் திரிந்தார், பரீட்சை எழுதித் தேறியவர் அவர்தான் போல. அதோடு விட்டாரா, இரண்டு முட்டியும் சரியானால் பெண்டாட்டியைத் திருமலை அடிவாரத்து அலிபிரியிலிருந்து நடத்தியே மலையேற்றுகிறேன் என்று வேண்டுதல் வேறு. வேண்டுதல் அவருடையது, முட்டி இவளுடையது.

திருப்தியாம். வலித்த காலம் எப்படி இருந்தது? தறிச் சத்தம் கொஞ்சம் மட்டுப்படுகிற பின்னறையில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி, மடியில் புத்தகம், காபி கைக்கு வந்துவிடும். சித்தூரில் கொழுந்தன் வீட்டு நிச்சயதார்த்தமா, முட்டி வலி. பிச்சாட்டூர் நாத்தனார் வம்பளக்க வந்திருக்கிறாளா, முட்டி வலி, படுத்திருக்கிறாள். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, அவளுக்கு இல்லாத மரியாதை அவள் வலிக்கு இருந்தது. இப்போது? மருமகள் அகிலா சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள், "இன்னா அத்தே, என்னைவிட வேகமா நடக்கிறீங்க, கொழந்தைய ஸ்கூல்ல வுட்டுட்டு வந்துடுங்களேன்." நாற்காலியில் துவைத்த துணி குவிந்துவிட்டது. மிச்சமிருப்பது இடது முட்டி ஒன்றுதான், அதில் இன்னும் வலி இருக்கிறது, அதையும் பிடுங்கத்தான் இன்று கூட்டி வந்திருக்கிறார். வலிக்கிறது என்றால் அறுப்பார்கள். வலிக்கவில்லை என்றால் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகவேண்டும். இதை எந்தக் கம்ப்யூட்டர் கேட்டது?

"ஆபரேஷன் பண்ண காலுக்குப் பத்துக்கு எவ்ளோ மார்க் போடுவீங்க, செப்பண்டம்மா" என்றாள் பத்மாவதி. "இது நல்லா இருந்தாத்தான் டாக்டர் அடுத்த காலுக்கு டேட் குடுப்பாரு." பத்து போட்டுக்கம்மா, என்றார் தாமோதரன். மூணு, என்றாள் சிவசங்கரி. "மூணா? இன்னாமே சொல்றே, நேத்துகூட மாடியேறி டேங்கை எட்டிப் பாத்துக்கினு இருந்தியே." அவள் திரும்பவில்லை. ஒரே சொல்லில் அவருடைய வேண்டுதல், ஆஸ்பத்திரியின் தொண்ணூற்றிரண்டு, எல்லாம் மண்ணைக் கவ்வுகின்றன, எவ்வளவு சுலபம்... பத்மாவதி டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள். "சார், நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க." அவர் தறியை நிறுத்திவிட்டு வந்ததைப் பற்றி ஏதோ முனகிக்கொண்டே போனார், கதவு சாத்திக்கொண்டது.

"நடக்கிறீங்க, கால் மடங்குது, வலியும் இல்ல. நீங்க எதிர்பாத்தது எதும்மா வரல?"

இதற்கும் ஓர் ஏளனம் கைவசம் இருக்கும் என்றுதான் நினைத்தாள். ஆபரேஷனுக்கு முன்னாலும் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள், அப்போதும் அவர்தான் முந்திக்கொண்டார், முந்தட்டும் என்றுதானே இவளும் வாயை மூடியிருந்தாள், அவரை வெறுக்க அது எவ்வளவு வசதியாக இருந்தது... இப்போது அறையில் அவர் இல்லை. சித்தூருக்கு நான் வரவில்லை, எனக்கு விருப்பமில்லை. இவ்வளவுதானே. இதைச் சொல்ல முட்டி எதற்கு, வாய் போதாதா, சொல்லியிருந்தால் யார் என்ன செய்திருப்பார்கள்? கத்தியிருப்பார்களா, சிரித்திருப்பார்களா, சரி என்று விட்டுவிட்டுப் போயிருப்பார்களா... யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. ஒருமுறைகூடச் சொல்லிப் பார்த்ததில்லை.