கியோட்டோ முறை

கீழைத்தேசத்தின் இரண்டு மாபெரும் நாகரிகங்கள் இன்று ஓர் அரிசிமா உருண்டைக்குள் சங்கமிக்கப்போகின்றன என்று பாலேந்திரா அறிவித்தார். 2009 பெப்ரவரி, வெளியே முழங்கால் பனி. லண்டன் டூட்டிங் மண்டபத்தில் நான்கு பேர் இருந்தார்கள்; அவர்களில் ஒருவர் ஹீட்டருக்காக வந்தவர்.

பாரிஸிலிருந்து லண்டனுக்கு மாறிவந்த பாலேந்திரா பாரிஸில் ஜப்பானிய இனிப்புக் கலை கற்றவர். எத்தனை நாள் கற்றார் என்பதை மட்டும் சொல்வதில்லை. நாலு சனிக்கிழமை சும்மா படிப்பித்துவிட்டார். இன்று கவுன்சில் அனுப்பும் பரிசோதகர் தலையாட்டினால்தான் அவர் சம்பளம் வாங்கும் ஆசிரியர். விசிட்டிங் கார்டை ஏற்கெனவே அடித்தாயிற்று.

"உள்ளுக்குச் சிவப்புப் பயறு விழுது. தோல் மெல்லிசா இழுபட்டு மூடவேணும். மூடின இடம் தெரியப்படாது."

முன்வரிசையில் சிவனேஸ்வரி. ஆர்ச்வே கோயில் முருகனுக்கு இருபது வருடமாக மோதகம் அவிப்பவர். இந்த மனிதரை அவருக்கு முதல் நாளே பிடிக்கவில்லை.

"உது மூக்கறுத்த மோதகம்தானே, சேர்?"

"மோதகம் வயித்துக்கு, அக்கா. இது ஆன்மாவுக்கு."

"அப்ப ஏன் உங்கட ஆன்மா வெடிக்குது?"

வெடித்துத்தான் இருந்தது. பாலேந்திராவின் உருண்டை வாய் பிளந்து விழுதைக் கக்கிக்கொண்டிருந்தது. சிவனேஸ்வரி மாவைக் கிள்ளி மணந்து பார்த்தார்.

"வறுத்திருக்கிறியள். அது எங்கட புட்டுக்கும் மோதகத்துக்கும். ஒட்டுற அரிசிமாவை வறுத்தா எப்பிடி இழுபடும்?"

யாழ்ப்பாணத்தானுக்கு வறுக்காத மா மாவே இல்லை. அதைச் சொல்லப் பாலேந்திரா வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது. பரிசோதகர் ஒரு குள்ளமான ஜப்பானியப் பெண்மணி. உருண்டை ஒன்றை எடுத்து, மா ஏன் இப்படிப் பழுப்பாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இது கியோட்டோ முறை," என்றார் பாலேந்திரா, கண்களைப் பாதி மூடி. "என் கையாலேயே வறுத்தேன்."

"நான் கியோட்டோக்காரி," என்றார் அவர்.

கடித்தார். நெடுநேரம் மென்றார். கைக்குட்டையை எடுத்து வாயை மூடினார். பிறகு பேனாவைத் திறந்து, எந்தச் சூட்டில், எத்தனை நிமிடம் வறுப்பது என்று மரியாதையாகக் கேட்டார்.

பாலேந்திரா கூரையைப் பார்த்தார். "அது... அனுபவம்."

"சொல்லுங்கோ சேர்," என்றார் சிவனேஸ்வரி, கொப்பியை விரித்தபடி. "நாங்களும் எழுதுவம்."

பாலேந்திராவுக்கு வகுப்பு கிடைக்கவில்லை. மாவை வறுத்தது அவருடைய மனைவி மாலினி. பாலேந்திராவுக்கு மா வறுக்கத் தெரியாது.