மில்லர்புரத்தில் ஏற்றிய திரி

மில்லர்புரத்து வாடகை வீட்டில் ஆனி என்பவள் ஏற்றிய மெழுகுதிரி ஐந்து மாதம் வெளிச்சம் தராமல் எரிந்தது. சுடர் நின்றது, விரலைச் சுட்டது, மெழுகும் உருகி வழிந்தது. மாதா சுரூபத்தின் முகத்தில் மட்டும் ஒரு பொட்டு ஒளியும் விழவில்லை. ஏற்றியதும் அறை இன்னும் கொஞ்சம் இருண்டது. கீழே மளிகைக்கடை வைத்திருந்த வீட்டுக்காரர் அய்யாக்குட்டி அண்ணாச்சி, "நமத்த சரக்கா இருக்கும், யக்கா" என்று மூன்று முறை பாக்கெட்டை மாற்றிக் கொடுத்தார். நாலாவது முறை தானே மாடியேறி வந்து பார்த்தவர், சுரூபத்தைக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

பெரியதாழையில் அவளுக்குச் சொந்த வீடு இருந்தது. தவக்காலத்தில் கணவர் ரோச் மாரடைப்பில் போனார். வைகாசியில் கடல் கரையை அரித்து வந்து, அடுக்களை முதலில், பிறகு மாதா மாடம் இருந்த முன்னறை என்று வீட்டை இரண்டே நாளில் எடுத்துக்கொண்டது. கடல்தொழிலை விடமாட்டேன் என்று மகன் ஸ்டெபின் ஊரிலேயே தங்கிவிட்டான். ஆனி ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை தேடிக்கொண்டு, சுரூபத்தை மடியில் வைத்தபடி மில்லர்புரத்துக்குப் பஸ் ஏறினாள். இத்தனையும் எதற்கு என்று ஆண்டவரிடம் தினமும் கேட்டாள். பதிலுக்கு இருட்டுதான் கிடைத்தது. கார்த்திகையில் அவளுக்கு வெறுத்துப்போனது. "எந் திரிகூட ஒமக்கு வேண்டாம்னா போவட்டும்" என்று தீப்பெட்டியை அலமாரிக்குள் எறிந்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம், அடைமழையில் போன் அடித்தது.

"எம்மா, திரி ஏத்தலியா?" ஸ்டெபினின் குரலுக்குப் பின்னால் அலை இரைந்தது.

"ஏலே, நீ எங்கன கெடக்க?"

"வள்ளத்துலம்மா. அலையத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கல்லு எந்தப் பக்கம்னு தெரியாம ஆறு பேரு நிக்கோம். நம்ம வீடு இருந்த எடத்துல, தண்ணிக்கு மேல, மாடத்து ஒசரத்துல தெனமும் ஒரு வெளிச்சம் நிக்கும். நீ செபம் சொல்லுத சத்தமும் கேக்கும். அத வச்சித்தான் எல்லாரும் கரைக்கு வாரோம். நீ அழுவேன்னு சொல்லல. மூணு நாளா அதக் காணலம்மா."

அலமாரியைத் துழாவித் தீப்பெட்டியை எடுத்து, நாலாவது குச்சியில் திரியைப் பற்ற வைத்தாள். தன் கையே தனக்குத் தெரியாத அளவுக்கு அறை இருண்டது. பயத்தில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினாள். போனுக்குள், கடலின் மேல், அவளுடைய குரலே அதைச் சொன்னது. முதல் பாதி முடிந்ததும், முப்பது வருடம் பக்கத்தில் முழங்கால்போட்டுச் சொன்ன அதே கரகரப்போடு, மறுபாதியை ரோச் சொன்னார்.

"வந்துட்டும்மா, வெளிச்சம் வந்துட்டு" என்று ஸ்டெபின் கத்தினான். ஆறு பேரும் கரையேறினார்கள்.

அதன்பிறகு பெரியதாழையிலிருந்து மீன் லாரியில் மாதாமாதம் மெழுகுதிரிப் பெட்டி வருகிறது. அண்ணாச்சி இறக்கி, மாடிப்படியில் வைத்துவிடுகிறார். இத்தனையும் எதற்கு என்று ஆனி இப்போது ஆண்டவரிடம் கேட்பதில்லை. சாயங்கால மணி அடித்ததும் திரியை ஏற்றிவிட்டு இருட்டில் முழங்கால்போடுகிறாள். முதல் பாதியை அவள் சொல்கிறாள். ரோச்சின் மறுபாதிக்கு நேரம் விட்டு, செபமாலையின் அடுத்த மணிக்கு விரலை நகர்த்துகிறாள்.