அதியாவின் கால் கோட்டைத் தொட்ட கதை

ஓசூர் பெண்கள் கபடி அணியின் கேப்டன் அதியா தரைக்கு ஒரு சாண் மேலே மிதந்தபடிதான் வேலைக்குப் போய் வந்தாள். சிப்காட் சாலைப் பள்ளங்களால் இடுப்பு வலிக்காத ஒரே ஜீவன் இந்த மாவட்டத்தில் அவள்தான். உதிரிபாக ஆலைத் தொழிலாளியான அவளைக் கேப்டனாக்கிய அன்று ஒரு சேனல் “முதல் முஸ்லிம் பெண் கேப்டன்” என்றது. அந்த ‘முதல்’ காதில் விழுந்ததும் தரையை விட்டு ஒரு விரல்கடை எழும்பினாள். கன்னடக்காரர்கள் மொதல என்றார்கள், தெலுங்குக்காரர்கள் மொதட்டி என்றார்கள். எல்லையோரத்தில் இதுதான் வம்பு, மூன்று மொழியிலும் அந்தச் சொல் ஒரே குடும்பம், மூன்றுக்கும் ஏறினாள். முக்காட்டைப் பற்றிக் கேட்டார்கள், அத்தா நசீருதீன் எப்படிச் சம்மதித்தார் என்று கேட்டார்கள். “என் ரெய்டப் பத்தி ஒண்ணு கேளுங்க சார்” என்று அவள் சொன்னது மட்டும் ஒளிபரப்பில் வரவே இல்லை. குந்தாரப்பள்ளிச் சந்தையில் அவள் மிதந்து போனதைப் பார்த்த மாடுகள் இன்னும் சரியாகப் பால் கறப்பதில்லை. சக ஆட்டக்காரி பிரவீனாதான் ஆலை இரும்பு நட்டுகளை அவள் பாக்கெட்டில் நிரப்பி, ஆட்டத்துக்கு ஆட்டம் அவளைத் தரையில் இறக்கி வைத்தாள்.

நாகரசம்பட்டி மாந்தோப்புக்காரரும் நடுவருமான வெங்கடப்பன் ஒருவர்தான் இதையெல்லாம் நம்பாதவர். ஆனேக்கல் அணியோடு இறுதிப் போட்டி வந்தது. தோற்றால் கேப்டன் பொறுப்பு வேறு கைக்குப் போகும் என்று அணி நிர்வாகம் சொல்லியிருந்தது. “களத்துல இரும்பு கூடாது. பறக்கறதெல்லாம் டிவிக்காரன் புளுகு” என்று வெங்கடப்பன் நட்டுகளைக் கொட்டச் சொல்லிவிட்டார்.

கடைசி ரெய்டு, ஆட்டம் சமநிலை. அதியா கபடி கபடி என்று போய் எதிரணிக்காரியின் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பினாள். மூச்சு அறுவதற்குள் நடுக்கோட்டைத் தொட வேண்டும். வர்ணனையாளர் கோபி ஒலிபெருக்கியில் முதல் முஸ்லிம், முதல் பெண், முதல், முதல் என்று அடுக்கினார். ஒவ்வொரு முதலுக்கும் ஒரு முழம் ஏறினாள். கோட்டுக்கு நேர் மேலே வந்து நின்றுவிட்டாள். கையை நீட்டினால் காற்றுதான் அகப்பட்டது. கபடிச் சத்தம் தேய்ந்தது. வெங்கடப்பன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கோட்டையே பார்த்தார்.

பிரவீனா மைக்கைப் பிடுங்கினாள். “ஏய் அதியா, உன் எடது காலு எப்பவுமே லேட்டுதான்டி. போன மேட்ச்லயும் அதாலதான் புடிபட்ட. நீட்டுடி கழுத.”

அவளுடைய ஆட்டத்தைப் பற்றி ஒலிபெருக்கி ஒரு வார்த்தை பேசியது அன்றுதான். நெல்மூட்டை மாதிரி விழுந்தாள் அதியா. அந்த அதிர்வில் ஜவளகிரிக் காட்டு யானைகள் கர்நாடகத்துக்கே குடிபெயர்ந்தன. இடது கால் கட்டைவிரல் கோட்டில் இருந்தது, கபடி இன்னும் வாயில் இருந்தது.

ஆனேக்கல்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்: பறக்கிறவளுக்குக் கால் எங்கே பட்டது, நடுவர் பார்த்தாரா? வெங்கடப்பன் விசிலை எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

“அந்தரத்துலதான் நின்னா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். எறங்குனதையும் அதே கண்ணாலதான் பார்த்தேன். பாயின்ட் ஓசூருக்கு.”