என் கடைக்குப் பின்னால் ஓடிய ஆறு

போர்ட் பிளேயரில் ஆறு கிடையாது. சுற்றிலும் கடல் இருக்கும்போது ஆறு எதற்கு என்று ஆண்டவன் நினைத்திருக்கலாம். 1967-இல் டில்லியில் ஒரு பெரிய அதிகாரி அப்படி நினைக்கவில்லை. பெருநகரங்களையும் அவற்றின் ஊடே ஓடும் ஆறுகளையும் பற்றி ஒரு புத்தகம் போட அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஒவ்வொரு தலைநகரும் தன் ஆற்றின் வரலாற்றை இரண்டு மாதத்தில் எழுதி அனுப்ப வேண்டும் என்று கடிதம் போட்டார். ஒரு பஜார், ஒரு ஜெட்டி, எப்போதாவது ஒரு கப்பல் என்று கிடந்த எங்கள் ஊரும் அன்றைக்குப் பெருநகரம் ஆனது.

ஆறு இல்லை என்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். இல்லை என்று எழுதினால் ஏன் இல்லை என்று மறு கடிதம் வரும். அதற்கு விளக்கம் எழுத ஒரு கமிட்டி போட வேண்டும். அதைவிட ஒரு ஆற்றை உண்டாக்குவது சுலபம் என்று எங்கள் ஊர் சர்க்கார் ஆபீசில் முடிவு செய்து குமாஸ்தா ராஜமாணிக்கத்தை அனுப்பினார்கள். அவர் தஞ்சாவூர்க்காரர், காவிரியைப் பார்த்து வளர்ந்தவர். என் மளிகைக் கடைக்குப் பின்னால் வந்து நின்று நாலாவை எட்டிப் பார்த்தார்.

நாலா என்றால் இந்த ஊர் இந்தியில் ஓடை. மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் மேட்டிலிருந்து இறங்கி, பஜாருக்குள் புகுந்து, எல்லார் வீட்டுக் குப்பையையும் குசலம் விசாரித்துக்கொண்டு கடலுக்குப் போகும். மழை நின்றால் அதுவும் நின்றுவிடும்.

"பாய், இந்த ஏரியாவுல நீங்கதான் பழைய ஆளு. இதோட ஹிஸ்டரிய கொஞ்சம் சொல்லுங்க. புக்ல நாகூர் கனின்னு உங்க பேரும் வரும்" என்றார்.

என் பேர் வரும் என்றதும் எனக்கு மூளை வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம். கடை நின்றது சர்க்கார் நிலம். பதினான்கு வருஷமாகப் பட்டாவுக்கு மனு போட்டுக்கொண்டிருந்தேன். எப்போதிலிருந்து இங்கே இருக்கிறாய், அதற்குக் காகிதம் எங்கே என்றுதான் ஒவ்வொரு தடவையும் பதில் வரும். சர்க்கார் புத்தகத்திலேயே நான் அச்சாகிவிட்டால் அதற்குமேல் என்ன காகிதம் வேண்டும்?

அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தேன். "அம்பத்து மூணுல நான் கடை போட்டப்ப இது நாலாவா? ஆறுங்க! கப்பல்ல வந்த அரிசி மூட்டை டிங்கிப் படகுல ஏறி நேரா என் கடைப் படிக்கு வரும்."

அவர் எழுதிக்கொண்டே, "வெள்ளம்?" என்று ஆசையோடு கேட்டார்.

ஆறு என்று ஆன பிறகு வெள்ளம் வராமல் இருக்குமா? "அம்பத்தெட்டுல வந்துச்சு. கூரை வரைக்கும் தண்ணி. நானும் என் வீட்டுக்காரியும் தகரத்து மேல ரெண்டு நாளு உக்காந்திருந்தோம்."

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி ரஷீதா, அவர் போனதும் வெளியே வந்தாள்.

"ஏன் மச்சான், நான் எப்ப தகரத்து மேல ஏறுனேன்?"

"பட்டா வந்ததும் இறங்கிக்கலாம் புள்ள."

"பொய்யச் சொன்னாலும் என்னைய விட்டுட்டுச் சொல்லுங்க" என்று முறத்தை உதறிவிட்டுப் போனாள்.

மறு வருஷம் புத்தகம் வந்தது. ராஜமாணிக்கம் தன் காவிரியை எடுத்து என் நாலாவில் ஊற்றியிருந்தார். நகரின் உயிர்நாடியாம், வற்றாத வரலாறாம். கீழே, கரையோர வணிகர் நாகூர் கனி நேரில் கண்ட வெள்ளம். பஜாரில் என்னை ஆத்துக்கார பாய் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பொய்தான் என்றாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து மனுவோடு சேர்த்துக் கொடுத்தேன்.

பதினான்கு வருஷம் தூங்கிய மனுவுக்கு மூன்றே வாரத்தில் பதில் வந்தது. வெள்ள அபாயமுள்ள ஆற்றங்கரையில் கடை வைத்திருப்பதை மனுதாரரே ஒப்புக்கொண்டிருப்பதால், அவருடைய உயிரைக் காக்கும் பொருட்டு ஒரு மாதத்தில் கடை அகற்றப்படும். என் உயிர் மேல் சர்க்காருக்கு இத்தனை பாசம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அக்கம்பக்கத்துக் கடைகளும் அதே கரையில்தான் நின்றன. ஆனால் வெள்ளத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தானே.

ஆபீசுக்கு ஓடினேன். வடக்கத்தி அதிகாரி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, "சாப், நான் சொன்னது பூராம் ஜூட். நதி நஹி, நாலா ஹை" என்றேன், சொன்னதெல்லாம் பொய், அது ஆறில்லை, ஓடைதான் என்று. என் வாழ்க்கையில் ஒரு ஆபீசுக்குள் நான் சொன்ன முதல் உண்மை அது. அவர் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ராஜமாணிக்கத்திடம் என் காதில் விழாதபடி ஏதோ சொன்னார்.

ராஜமாணிக்கம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "புக்கு டில்லியில ரிலீஸ் ஆயிடுச்சு பாய். இனிமே ஆத்த எடுக்க முடியாது. கடையத்தான் எடுக்க முடியும்."

அடுத்த கப்பலில் அவர் மெட்ராசுக்கு மாற்றலாகிப் போனார். நன்றாக எழுதுகிறவரை மெயின்லேண்ட் விடுமா?

மார்ச் மாதம் நல்ல வெயிலில் கடையைப் பிரித்தார்கள். ராஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த கூலிகள் நாலு பேர். மூட்டைகளை ரோட்டோரம் அடுக்கி, அவற்றின் மேல் ரஷீதா உட்கார்ந்திருந்தாள். தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவன் இறங்கி வந்து, "சாச்சா, தோடா பானி" என்று குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆத்திரம். "அதான் பின்னாடி ஆறு ஓடுதுல்ல, போய்க் குடி!" என்று கையை நீட்டிக் கத்தினேன்.

தமிழ் அவனுக்குப் புரியவில்லை. கை நீட்டிய பக்கம் நடந்து போய்க் கரையில் நின்று குனிந்து பார்த்தான். வெடித்த மண்ணையும் இரண்டு தகர டப்பாவையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, என் மனம் நோகக் கூடாதே என்பதுபோல மெதுவாகச் சொன்னான்: "சாச்சா, உதர் பானி நஹி ஹை."

டில்லிக் கடிதம் வந்த நாளிலிருந்து அங்கே போய்ப் பார்த்து, தண்ணீர் இல்லை என்று உள்ளதைச் சொன்னவன் அவன் ஒருவன்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ரஷீதா எழுந்து குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு அவனுக்குக் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, இந்தியில் கேட்டேன், இதை ஒரு காகிதத்தில் எழுதித் தருவாயா என்று.

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு வெட்கத்தோடு சிரித்தான். அவனுக்கு எழுதத் தெரியாது.