மூக்குப் பக்கத்துப் புள்ளி

பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. அப்படிப்பட்டவளிடம், நரம்பு வளர்வதைப் பார்த்துக்கொண்டிரு என்று வேலை கொடுத்திருந்தார்கள். எலி மூளையை மெல்லிய வில்லைகளாக அறுத்து, மேலே உயிருள்ள நரம்பு செல்களை விட்டு, அவற்றின் இழை எந்தப் பக்கம் நீள்கிறது என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மூளையின் வெள்ளைப் பகுதியில் பழைய இழைகள் கற்றை கற்றையாக ஓடுகின்றன. அந்த இடம் வந்ததும் என் இழைகள் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். வாரக்கணக்கில் இதே கதை. வெள்ளைப் பகுதியில் எதுவும் வளராது என்று எழுதி முடிக்கச் சொன்னார் ஆய்வகத் தலைவர்.

எழுத மனம் வரவில்லை. வீட்டில் அண்ணன் இருக்கிறான். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, முதுகுத்தண்டு அடிபட்டு, கால் இரண்டும் அசையாமல் கிடப்பவன். நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னிக்காவது வளர்ந்துச்சா?" என்பான்.

அன்று ஒரே ஒரு தட்டில் இழைகள் வெள்ளைப் பகுதிக்குள்ளேயே நீண்டு ஓடியிருந்தன. வில்லை அறுக்கும் அக்காவிடம் ஓடினேன். வேறு ஆய்வகத்திலிருந்து புதிதாக வந்தவர்; இங்கே அவர் அறுத்த முதல் மூளை இது. திசை தெரிய நான் மூளையில் மைப்புள்ளி வைத்துத் தந்திருந்தேன்; அதைப் பார்த்துத்தான் மூளையை அறுக்கும் மேடையில் ஒட்ட வேண்டும்.

"அக்கா, இதை எப்படி அறுத்தீங்க?"

"எப்பவும்போலதான். நீ மைப்புள்ளி வச்சது காதுப் பக்கம்னு ஒட்டி அறுத்தேன்."

"ஐயோ, இங்க புள்ளி வச்சா மூக்குப் பக்கம்க்கா!"

"எங்க பழைய இடத்துல காதுதான்டி. யாராவது வாயத் தெறந்து சொன்னீங்களா?" அவர் முகம் சுண்டிவிட்டது.

மூளை கால்வட்டம் திரும்பியிருக்கிறது. நாங்கள் எப்போதும் கற்றையைக் குறுக்கே அறுப்போம். இது மட்டும் நீளவாக்கில் விழுந்துவிட்டது. இழைகள் கற்றையோடு கற்றையாகப் போயிருந்தன. குறுக்கே தாண்ட ஒன்றுகூடத் துணியவில்லை.

"கெட்டுப்போன தட்டு, தூக்கிப் போடு" என்றார் தலைவர்.

"போட மாட்டேன் சார். வேணும்னே இப்படி அறுத்துப் பார்ப்போம்." குரல் உயர்ந்துவிட்டது.

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சொல்வாங்க. சரி, ஒரே ஒரு தடவை."

அக்கா புள்ளியை என்னிடம் காட்டிக் காட்டித்தான் மூளையை ஒட்டினார். இழைகள் மறுபடியும் நீளவாக்கில் ஓடின. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றும் வீட்டில் அண்ணன் அதையே கேட்டான்.

"வளர்ந்துச்சுண்ணா. கற்றையோட நீளத்துக்குப் போகுது. குறுக்கால போகல."

போர்வைக்குள் கிடந்த கால்களைப் பார்த்தான். "அப்ப எனக்கு?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "இது எலி மூளைண்ணா. உனக்குன்னு இன்னும் ஒண்ணுமில்ல."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சரி. நாளைக்கும் கேப்பேன்."